இடது கால்

படிவம் 29, படிவம் 30.
விற்பவர் என்ற இடத்தில் மூன்று கையெழுத்து.
வாங்க வந்த இம்தியாஸுக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி.
பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடி,
ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.
"இதைப் போய் ஏன் டாக்டர் விக்கிறீங்க?"

இதே மாடல்தான் வாங்கப்போகிறேன் என்றேன்.
அதே பெயர், அதே சிவப்பு,
நாற்பது குதிரை கூடுதல்.
பதில் மாதிரிதான் இருந்தது.

நான் மயக்க மருந்து டாக்டர்.
வீடு தர்மபுரியில்,
கத்தி காத்திருப்பது எந்த ஊரிலோ.
ராத்திரி ஒன்றரைக்குக் கூப்பிடுவார்கள்:
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, பென்னாகரம்.
குழந்தை திரும்பலை, பிரஷர் ஏறுது,
மேடம் எங்க இருக்கீங்க?
ஒன்பது வருடம் அந்தக் கேள்விக்கு
மூன்றாவது கியரில் பதில் சொன்னது பழைய வண்டி.
இரண்டாவதுக்கு மட்டும் ஒரு முறைப்பு உண்டு.
அவசரமாகக் கேட்டால் பல்லைக் கடிக்கும்;
கிளட்சை மிதித்து அரைக்கணம் பொறுத்தால்
கொடுத்துவிடும்.
இதை நான் இம்தியாஸிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

டேஷ்போர்டைக் காலி செய்தபோது
பாளையம் டோல்கேட் ரசீதுகள், எழுத்து வெளிறி.
முதுகில் போடும் ஊசி ஒன்று, உறை பிரியாமல்,
காலாவதியாகி நாலு வருஷம்.
யார் பிழைத்ததால் மிஞ்சியது,
நினைவில்லை.

புது வண்டி ஓசூரிலிருந்து வந்தது.
சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கிய சத்தம்
உள்ளே கேட்கவே இல்லை, அவ்வளவு நல்ல கதவுகள்.
உறுமல் ஸ்பீக்கரில் வருகிறது,
வேண்டாமென்றால் குறைத்துக்கொள்ளலாமாம்.
ஹேண்ட் பிரேக் இருந்த இடத்தில் ஒரு பொத்தான்.
கியரை அதுவே மாற்றிக்கொள்கிறது,
நான் நினைப்பதற்குச் சற்று முன்பே.
நூறைத் தொட ஐந்தே முக்கால் நொடி.
நோயாளிகளைப் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன்;
ஐந்துக்குக் கீழே போனவர்கள் குறைவு.

தொப்பூர் இறக்கத்தில், முதல் ஞாயிறு,
முன்னால் கம்பி ஏற்றிய லாரி.
அதன் பிரேக் விளக்கு எரிவதற்குள்
இது தானாகவே மூக்கைத் தாழ்த்தி நின்றது.
என் வலது கால் போய்ச் சேர்ந்தபோது
வேலை முடிந்திருந்தது.
இடது கால் மட்டும்
இல்லாத கிளட்சை
மிதித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம். விடியற்காலை மூன்று மணி.
ஒரு சிசேரியன் முடித்துத் திரும்புகையில்
காரிமங்கலத்துக்குச் சற்று முன்
மணி அடித்தது. திரையில் ஒரு காபிக் கோப்பை.
ஓய்வெடுக்கச் சொல்கிறது.
பதினெட்டு வருடம் பிறர் இமைகளைப் பார்த்திருந்தவளை
ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து
கடுகளவு கண் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது.
கோபம் வந்தது.
அது சொன்னது சரி என்பதால்
இன்னும் கொஞ்சம் வந்தது.
பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டித் தூங்கினேன்.

எழுப்பியது ஒரு சத்தம்.
பக்கத்து டீக்கடையிலிருந்து ஏதோ வண்டி
கிளம்புகிறது. நிறம் தெரியவில்லை.
முதல் கியர். பிறகு
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கடிக்கவில்லை.
அரைக்கணம் பொறுத்து, கேட்டு,
வாங்கிக்கொண்டது இரண்டாவதை.
யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார் மனிதர்.

பாலக்கோடு பிரிவுக்குள் பிடித்துவிடலாம்,
இதன் குதிரைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.
பத்து, ஒன்பது, எட்டு என்று
வாய் தானாக எண்ணியது.
ஏழில் சத்தம் திரும்பிவிட்டது.
என் இடது கால் தரைவிரிப்பில்
அழுத்திய இடத்திலேயே இருந்தது.

போன் அடித்தது. பென்னாகரம்.
மேடம், எங்க இருக்கீங்க?
வந்துட்டே இருக்கேன் என்று சொல்லிவிட்டு
பொத்தானைத் தேடினேன்.