பற்பசை அடைத்த துளைகள்

தல்காவானோவில் மழை
மேலிருந்து விழாது, கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
அந்த மழையில் மூன்றாம் மாடிக்கு நான் சுமந்து ஏறியது
வால்நட் நிறத்தில் ஒரு தொலைக்காட்சி மேசை.
இரண்டு இழுப்பறை, நான்கு ஒல்லிக் கால்.
நிறுத்தியதும்
தண்ணீரில் கொக்கு நிற்பதுபோல் நின்றது.

கடையில் கண்டதுமே யானெத் முடிவு செய்துவிட்டாளாம்.
ஒஸ்வால்தோ காட்டியது வேறு:
குட்டையாக, அகலமாக, கறுப்பாக.
"சவப்பெட்டி" என்றாள்.
அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

நான் பூட்டிக் கொடுப்பவன்.
அழகைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை.
அளவுநாடாவை இழுத்தேன்.
தொலைக்காட்சி நூற்று இருபத்துமூன்று,
மேசை நூற்றுப்பத்து.
தம்பி சட்டையை மாட்டிக்கொண்ட அண்ணன் மாதிரி
இரண்டு தோளும் வெளியே.
"பாதம் மேசைமேல்தானே இருக்கிறது?"
இருந்தது.
விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே.

பெட்டியின் அடியில் எப்போதும் ஒரு பொட்டலம் கிடக்கும்,
குப்பைக்கூடைக்குப் போகவென்றே பிறந்தது.
இரண்டு நைலான் பட்டை, நான்கு திருகு,
ஒரு படம்:
ஏறும் குழந்தை, அதன்மேல் சிவப்புக் கோடு.
அதைப் பிரித்தேன்.

"வாடகை வீடு" என்றான் ஒஸ்வால்தோ.
"துளை ஒன்றுக்கு இவ்வளவென்று முன்பணத்தில் கழிப்பார்கள்."

அதற்குள் மியராய், வயது இரண்டு,
கீழ் இழுப்பறையைத் திறந்துவிட்டாள்.
திறந்ததை என்ன செய்வது என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
ஒரு கால் உள்ளே.
நான் அவளைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு
அதே இடத்தில் என் முழங்காலை வைத்தேன்.
மெதுவாகத்தான் வைத்தேன்.
கொக்கு முன்பக்கம் குனிந்தது,
பின்கால் இரண்டும் தரையை விட்டன.
தாங்கிப் பிடித்தேன்.
தொலைக்காட்சியை இன்னும் ஏற்றவில்லை.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"இந்தக் கால்கள் கழலுமா?" என்று கேட்டாள் யானெத்.

கழலும். எல்லாமே திருகுதான்.
கவிழ்த்துப் போட்டு நான்கையும் கழற்றினேன்.
நிமிர்த்தினால் தரையோடு தரையாக,
நீளமாக, அதே மரம், அதே பளபளப்பு.
அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"கொக்கு உட்கார்ந்துவிட்டது."
ஒஸ்வால்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
கண்ணாடியில் அவன் சிரிப்பு தெரிந்தது.

இனிச் சுவர்.
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் வெள்ளையில் இன்னொரு வெள்ளை.
நகத்தால் சுரண்டினால் புதினா வாசனை.
முன்பு இருந்த எவரோ
திருகைப் பிடுங்கிவிட்டு
பற்பசையால் அடைத்துப் போயிருக்கிறார்கள்.
இரண்டு துளை, நல்ல ஆழம், சரியான இடைவெளி.
அவர்களுக்கும் ஒரு குழந்தை இருந்ததோ,
நிலம் ஆடிய பயமோ,
முன்பணம் முழுதாகத் திரும்பியதோ என்னவோ.
புதிய ஆப்பை அடித்தேன். இறுகப் பிடித்தது.

தேநீர் தந்தார்கள், வெண்ணெய் தடவிய ரொட்டியும்.
கழற்றிய கால் ஒன்றால் மியராய்
என் கருவிப்பெட்டியைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.
ரசீதில் யானெத் கையெழுத்திட்டாள்.
கால்களைத் திருப்பிக் கொடுத்தால்
காசு தருவீர்களா என்று ஒஸ்வால்தோ கேட்டான்.
தரமாட்டோம்.

அன்று இரவு இரண்டே கால் மணிக்கு
ஒரு சின்ன அதிர்வு.
இந்த ஊரில் இதற்கெல்லாம்
யாரும் விளக்குப் போடுவதில்லை.
நான் மட்டும் எழுந்து இருட்டில் ஓடி
எங்கள் தொலைக்காட்சியை
இரு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.
ஆறு வருடமாக அது நிற்பது
இரண்டு ஆப்பிள் பெட்டியின் மேல்.

படுக்கையிலிருந்து எத்தெல்வினா குரல் கொடுத்தாள்:
"ஊரார் சுவரையெல்லாம் துளைப்பவரே,
பை கதவில்தான் தொங்குகிறது."

நின்ற பிறகும் விடவில்லை.
திரை குளிர்ந்திருந்தது.
அதன் பின்னால், என் கைக்கு எட்டிய இடமெல்லாம்
வழவழவென்று
ஒரு துளையும் இல்லாத சுவர்.