ஆறாம் தடம்

நெமியாவில் நடுவர்கள் கறுப்பு உடுத்துவார்களாம்.
சிட்டி ஸ்டேடியத்தில் எங்களுக்கு மஞ்சள்.
முதுகில் வங்கியின் பெயர்.

மழைக்காக ஓட்டம் நின்றிருந்தது.
கூரையடியில் பிள்ளைகள் நாசி லெமாக் பொட்டலம் பிரிக்க
நான் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

கிரேக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு.
நடக்கும்வரை குழந்தையைத் தரையில் விடாதே
என்றது குறி.
தண்ணீர் கேட்டுப் படை ஒன்று வந்தது.
ஊற்றைக் காட்டப் போன செவிலி
தரையில் விடவில்லை,
காட்டுச் செலரியின் மேல்தான் கிடத்தினாள்.
பாம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

வந்தவர்கள் என்ன செய்வார்கள்?
அடக்கம் செய்த கையோடு
ஓட்டப்பந்தயம் வைத்தார்கள்.
ஜெயித்தவன் தலையில் அதே செலரி.

ஹெராக்ளிஸ் நெரித்த சிங்கம் பற்றிப்
பத்துப் பத்தி இருந்தது.
விரலால் தள்ளிவிட்டேன்.

எங்கள் மகன் எட்டு நாள் இருந்தான்.
பினாங்கு மருத்துவமனை, கண்ணாடிப் பெட்டி.
தரையில் விடவே இல்லை.
பத்து லஞ்சாங்கில் ஒரே ஒரு முறை
விட்டோம்.

ஓடுவதற்குக் காத்திருந்த பையன்கள்
சுரங்கச் சுவரில் கிறுக்கிய பெயர்கள்
இன்னும் அங்கே இருக்கின்றனவாம்.
எனக்கு முன்னாலிருந்த தூணிலும்
மார்க்கரில் எழுதியிருந்தது:
யுகேஷ், 5 மல்லிகை.
அவன் மணிக்கட்டுப் பட்டையில்
அம்மா பெயர்தான் இருந்தது,
'செல்வராணியின் குழந்தை' என்று.

மழை விட்டது.
பன்னிரண்டு வயதுப் பிரிவு, நூறு மீட்டர்.
ஆறாம் தடத்தில் கவினேஷ்.
சப்பாத்து பெரிது, யாருடையதோ.
துப்பாக்கிப் புகை தெரிந்ததும் அழுத்த வேண்டும்,
சத்தத்துக்குக் காத்திருந்தால் பிந்திவிடும்.
அழுத்தினேன்.
பதினைந்து புள்ளி இரண்டு.
நாலாவது.
மூச்சிரைக்க வந்து கேட்டான்,
"சார், போன வருஷத்தவிட கொறவா?"
குறைவுதான், என்றேன்.
போன வருடம் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வருடம் இவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள்.
நான் மறுபடி இங்கேதான் நிற்பேனா,
கூடவே போவேனா,
தெரியவில்லை.

புலாவ் திக்குஸ் சந்தையில்
மீன் வாங்கியதற்குக் கொசுறாக
கிழவி ஒருத்தி ஒரு பிடி சூப்பு இலை வைத்தாள்.
காம்பு நீளம். வளைத்தால் வளைகிறது.
சிக்னலில் நிற்கும்போது வளைத்துப் பார்த்தேன்,
ஒரு கைமுட்டி அளவுக்கு வந்தது.
எட்டு நாள் தலைக்கு அது போதும்.

பச்சை விளக்கு.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

செல்வராணி கழுவி நறுக்கிச்
சூப்பில் போட்டாள்.
"யாரு ஜெயிச்சா?" என்றாள்.
நான் நாலாவது வந்தவனைப் பற்றிச் சொன்னேன்.