முப்பத்தைந்து ஆம்பியர்

ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால்
கண்ணாடிக் குழாய் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்
உருட்டிச் செருகியிருந்தது.
எந்தச் சனிக்கிழமை இரவோ, எந்த மழையோ,
வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்திருக்கும்.
போய்ச் சேர்ந்திருக்கிறார்.
பிறகு முப்பது வருடம் மறந்துவிட்டார்.

பல்லாரட்டில் ஜூலை. கராஜின் சிமெண்டுத் தரை
முழங்காலைத் தின்கிறது.
பகலெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில்
மயக்க மருந்துக் குழாய்களுக்கு நான் காவல்.
இரவில் இந்த எழுபதாம் வருடத்து எம்.ஜி.பி.
இங்கே நோயாளி விழித்துக்கொண்டால் சந்தோஷம்.

கிரெஸ்விக் பக்கம் ஒரு கொட்டகையில் வாங்கியது.
சாவியைத் தரும்போது வெண்டி ஹார்கிரீவ்ஸ்
"இடப்பக்கம் திரும்பினால் மட்டும் கையைக் காட்டிவிடு" என்றாள்.
விளையாட்டு என்று நினைத்தேன்.
இண்டிகேட்டரைத் தட்டினால்
பின்விளக்கு முனகும்,
பெட்ரோல் முள் தலையாட்டும்,
சொன்னதைத் தவிர எல்லாம் நடக்கும்.

நிறங்கள் பொய் சொல்லாது என்கிறது வரைபடம்.
பழுப்பு, பேட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிரோடு.
வெள்ளை, சாவியைத் திருகிய பின்.
பச்சை, ஃபியூஸைத் தாண்டி வந்தது.
கருப்பு, திரும்பிப் போவது.
ஐம்பது வருட அழுக்கில் எல்லாமே
தேங்காய் நார்.
எச்சில் தொட்டுத் துடைத்துத்தான்
ஒவ்வொன்றிடமும் பெயர் கேட்க வேண்டும்.
நடுவே ஸ்பீக்கர் ஒயர் ஒட்டு.
ஒரு முடிச்சின் மேல் பிளாஸ்திரி, நிஜமாகவே,
விரலுக்குப் போடுவது.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சிவப்பு ஒயர்.
அதில் கட்டிய அட்டைச் சீட்டில்
நீல மையில், பெரிய எழுத்தில்:
தொடாதே.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தேன்.
இந்தப் பக்கமும் எதிலும் சேரவில்லை,
அந்தப் பக்கமும் எதிலும் சேரவில்லை.
இருந்தாலும் தொடாமல் வெண்டியைக் கூப்பிட்டேன்.
"அதுவா, காலின் எனக்கு எழுதியது."
கொஞ்ச நேரம் அவள் வீட்டு டிவி மட்டும் பேசியது.
"மறுநாளே தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.
அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை."

கோளாறு கருப்பில் இருந்தது.
டிக்கியின் உள்ளே ஒரு போல்ட்,
அதன் அடியில் யாரோ அழகாகப் பூசிய பெயிண்ட்.
கருப்பை எர்த் என்கிறோம்.
நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்பதற்கு
மண் எங்கே தொடுகிறது?
தன் தகரத்தையே மண் என்று வைத்துக்கொண்டு
எல்லா விளக்கையும் அதில் கொண்டுபோய் முடிக்கிறது.
உப்புத்தாளால் தேய்த்தேன்,
இரும்பு கண்ணைக் கூசும்வரை.

புதுக் கண்ணாடி ஃபியூஸ்கள்.
பேட்டரியின் முனையை வைத்தேன்.
டிக்.
ஊதா வரிசையில் ஒன்று போய்விட்டது,
குழாய்க்குள் துளி கருமை.
நல்லது.
கார் போகவில்லை, கராஜ் போகவில்லை,
பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு போகவில்லை.
ஹாரன் ஒயர் ரேடியேட்டர் ஓரம் நசுங்கிக் கிடந்தது. மாற்றினேன்.

இரவு பன்னிரண்டே முக்காலுக்கு
ஹாரனை அடித்துப் பார்த்தது என் தவறுதான்.
தெருக்கோடி நாய்வரை பதில் சொன்னது.

இடப்பக்கம் தட்டினேன்.
டிக்டக், டிக்டக்,
கராஜ் கதவில் ஆரஞ்சு வந்து வந்து போகிறது,
யாரும் எங்கும் திரும்பாமல்.

மூடியை மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது,
பெட்டிக்குள்ளேயே உதிரி இரண்டுக்கு
இடம் விட்டிருக்கிறார்கள், செய்தவர்கள்.
போகும் என்று தெரிந்தே.
இரண்டையும் படுக்கவைத்தேன்.
வெள்ளித்தாளைப் பிரித்து மோந்து பார்த்தேன்.
புகையிலை இல்லை.
பழைய காசின் வாசம்.