இரண்டரை கிராம்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வேலை நிறுப்பது.
கொலுசு வரும், நிறுப்பேன்.
சலங்கை கோர்த்துத் திரும்பி வரும், மறுபடி நிறுப்பேன்.
மில்லிகிராம் காட்டும் கண்ணாடிக் கூண்டுத் தராசு,
யாராவது பெருமூச்சு விட்டால்கூடப் பதறும்.
பட்டறை சாத்திய பிறகு
அதில் நான் தேயிலை நிறுப்பது
முதலாளிக்குத் தெரியாது.

கோப்பைக்கு இரண்டரை கிராம்.
டார்ஜிலிங், இரண்டாம் பறிப்பு: இரண்டரை.
கோத்தகிரியில் உறைபனி விழுந்த வாரம் கிள்ளியது: இரண்டரை.
தட்டு நிறையக் குவிந்தும் எண் ஏறாத இலை அது.
பைன் புகையில் வாட்டிய சீனத்துக் கறுப்பு: இரண்டரை.
அதைப் பிரித்த மறுநாள் காலை
எங்கோ வயர் கருகுகிறதென்று
மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்கள்.

ஏழு பொட்டலம், கொலுசுக் கவர்களில் மடித்து,
ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்.
மடியில் இரண்டு லிட்டர் கேன்,
வீட்டுக் குழாயில் பிடித்த மேட்டூர்த் தண்ணீர்.
"மலைக்கே தண்ணி கொண்டு போறீங்களா?"
கண்டக்டர் சில்லறையை மறந்து பார்த்தார்.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
எனக்குக் காது அடைத்தது,
கேனுக்கு வயிறு உப்பியது.

பெலிசியாவுக்கு நாக்குதான் சம்பளம்.
காபித் தோட்டத்து ஆபீஸில்
நாளைக்கு நாற்பது கோப்பை, கரண்டியில் அள்ளி,
சர்ரென்று உறிஞ்சி, தொட்டியில் துப்பி, நோட்டில் எழுதுவாள்.
"காபி மலைக்குத் தேயிலையோடு வர்ற ஒரே ஆள் நீதான்"
என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் வைத்தாள்.

உறிஞ்சு, சத்தமாக, என்றாள்.
சத்தமில்லாமல் குடிக்கச் சொல்லி வளர்த்தார்கள், என்றேன்.
அப்ப உனக்குச் சூடு மட்டும்தான் தெரியும், என்றாள்.
உறிஞ்சினேன். புரையேறியது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உறிஞ்சினேன்:
கோத்தகிரி இலைக்குள்
செங்காயான கொய்யாவின் தோலோரம்,
அதற்குப் பின்னால், வெகு பின்னால்,
மழை ஓய்ந்த தகரக் கூரை.
துப்பு, என்றாள்.
கிலோ ஒன்பதாயிரம்.
விழுங்கினேன். ஏழு கோப்பையையும்.

பிறகு கேனைத் திறந்தோம்.
அதே இலை, அதே எடை, அதே நாலு நிமிஷம்.
மலை ஊற்றுத் தண்ணீரில் வைக்கோல் நிறமாய் நின்றது
மேட்டூர்த் தண்ணீரில் செம்பாய் இறங்கி
மேலே மெல்லிய ஏடு கட்டியது.
வாசம் குறைந்து, உடம்பு போட்டிருந்தது,
டவுனுக்கு வேலைக்குப் போன பையன் மாதிரி.
மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
முழுச் சூடு வராது, அதையும் கணக்கில் எடுக்கணும்
என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.
இதில் எது சரியான ருசி?
சரி என்று என் நோட்டில் கட்டமே கிடையாது, என்றாள்.

மல்லிகைத் தேயிலைக்கு மட்டும்
கோப்பையை அவளே பிடித்துக்கொண்டாள்.
உன் விரலில் ஆசிட் வாடை, பூ செத்துவிடும்.
அந்தக் கோப்பையைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

எட்டாவதாக அவளே ஒன்று கலந்தாள்.
அசாம் குருணை, சில்வர் ஓக்கில் ஏறிய கொடியிலிருந்து
பச்சை மிளகு ஏழெட்டு,
ஜன்னலோரம் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.
எத்தனை கிராம் என்றேன். கையை விரித்துக் காட்டினாள்.
அன்றைக்கு நான் துப்பியது அது ஒன்றைத்தான்.
அவள் விழுங்கிவிட்டு, "நல்லா இல்லை" என்றாள் சந்தோஷமாக.

ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி.
கண்ணுக்குள் ஏழு கோப்பையும் விழித்திருந்தன.

திங்கள் காலை, மீந்த பொட்டலத்தை
டீ மாஸ்டர் அங்கப்பனிடம் நீட்டினேன்.
முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.
வழக்கமான தூளோடு வடிகட்டித் துணியில் கொட்டி,
பால் விட்டு, ஒரு முழத்துக்கு ஆற்றி,
எனக்கொன்று, தனக்கொன்று.
சர்ரென்று உறிஞ்சினார்,
யாரும் சொல்லித் தராமலே.
"நல்லாத்தான் இருக்கு.
சாயம்தான் பத்தல."