வெள்ளைக்கு மேல் வெள்ளை

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சத்தம் ஓயும்
மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனி.
மூன்றாம் மாடி, பேக்கிங் ஹால்.
வாடகை நாலாயிரம், டீசல் தனி.
அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி
அயர்ன் டேபிள் இரண்டைச் சேர்த்துப் போட்டால்
அதுதான் வகுப்பு.

வந்தவர்கள் ஒன்பது பேர்.
பணம் கட்டியவர்கள் எட்டரை.
அந்த அரை, உடுமலை தௌலத் நிஷா.
பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்கிறாள்.
மீதி மாசக் கடைசியில் என்றாள்
கண்ணைப் பார்த்து. சரி என்றேன்.

பத்தரைக்கு மாடல் போன் அடித்தாள்:
அவினாசியில் ஒரு நிச்சயம், வர முடியாதுங்க்கா.
பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.
கீழே ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.

"ஒருத்தர் உட்காருங்க, ஒருத்தர் லைட்டைப் பிடிங்க,
ஒருத்தர் எடுங்க. அப்புறம் மாத்திக்கலாம்."
எல்லோரும் கேமராவை இறுக்கிக்கொண்டு
தரையைப் பார்த்தார்கள்,
பரிமாற மட்டுமே வந்தவர்களைப்
பந்தியில் உட்காரச் சொன்ன மாதிரி.

ஆகவே முதலில் பனியன்.
வெள்ளைத் திரைக்கு முன்னால் வெள்ளை பனியன்,
இந்த ஊர் தினமும் போடும் கணக்கு.
லோகேஸ்வரன் நாலு லைட்டையும் அதன்மேல் திருப்பினான்.
பனியன் காணாமல் போனது.
கழுத்து இல்லை, தையல் இல்லை,
லேபிள் மட்டும் அந்தரத்தில் நின்றது.
"ஏனுங்க, இத்தனை வெளிச்சம் போட்டும்
துணி எங்கீங்க போச்சு?"
மூன்றை அணைக்கச் சொன்னேன்.
நாலாவதைச் சுவரோரம் இழுத்தோம்.
விலா மடிப்பில் மெல்லிசாய் ஒரு சாம்பல் விழுந்தது.
அங்கிருந்து துணி திரும்பி வந்தது, இழை இழையாக.

கட்டிங் மாஸ்டரின் இன்ச் டேப்பால்
லைட்டிலிருந்து மூக்கு வரை அளந்தோம்.
ஒன்றரை அடி. பிறகு மூன்றடி.
தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாகும் என்றே
ஒன்பது பேரும் எழுதியிருந்தார்கள்.
கால்வாசிதான் மிஞ்சும் என்று நான் சொன்னதை
மீட்டர் சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

காங்கயம் சிவமலையின் முறை.
இருபத்திரண்டு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் முகூர்த்தம்.
சித்த சிரிங்க, மோவாயைத் தூக்குங்க என்று
அத்தனை மாப்பிள்ளைகளை அதட்டியவர்
ஸ்டூலில் உட்கார்ந்ததும்
கையை எங்கே வைக்கட்டுங்க என்றார்.
ஃபிளாஷ் அடிக்கும் முன்பே கண்ணை மூடினார்.
ஏழு முறை. எட்டாவது முறையும்.
தன் படமென்று அவரிடம் இருப்பது
லைசென்ஸில் உள்ளது ஒன்றுதானாம்.
தன் கல்யாணத்திலும் பாதி நேரம்
எடுப்பவனுக்கு ஆங்கிள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தௌலத் நிஷா தெர்மோகோல் பலகையோடு
அவர் பக்கத்தில் போய் நின்றாள்.
தூங்க மறுக்கும் பிள்ளையிடம் பேசும் குரலில்
"கம்முனு மூடிக்கங்க. சொல்றப்பத் தொறங்க."
மூடினார்.
ஹாலில் அலைந்த பஞ்சுத்தூசி
ஒளி போகும் தடத்தைக் காட்டியது,
அவர் நெற்றி வரைக்கும்.
"இப்போ."
திறந்த கண் எதையும் சரிபார்க்கவில்லை.

லேப்டாப்பில் பெரிதாக்கினோம்.
புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.
கறுப்பு, நல்ல கனத்த கறுப்பு,
கன்ன எலும்பில் மட்டும் ஈரம் போல மினுங்க.
லோகேஸ்வரனின் விரல், பழக்கம்,
முகத்தை வெளுக்க வைக்கும் பட்டனுக்குப் போனது.
நான் வாயெடுப்பதற்குள்
"கையை எடு தம்பி" என்றார் சிவமலை.

நெம்ப நேரம் பார்த்தார்.
"நல்லாருக்குங்க. மாலை போடறதுக்கு ஆகும்."
சிரித்தோம். சிரிப்பு
கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிட்டது.
நல்லவேளையாக அப்போது
கரண்டும் பள்ளிபாளையம் சிக்கனும் சேர்ந்து வந்தன.

பொழுதோட ஸ்டாண்டுகளை மடக்கினோம்.
என் கறுப்புச் சட்டை முழுக்கப் பஞ்சு.
சிவமலை மட்டும் டேப்பைச் சுருட்டாமல்
ரெண்டே முக்கால் அடி என்று
கல்யாண மண்டபத்து ரசீதின் பின்னால் எழுதினார்.
வீட்டில் மனைவியை எடுக்க வேண்டுமாம்.
எப்போது எடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்வாராம்.
"இத்தனை வருசம்
அவ மேல தப்புன்னே இருந்துட்டனுங்க."