கட்டைவிரல் வேகம்

டார்ட்டுவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பழைய ஈஸ்ட் ஆலையின் மாடியில்
கறுப்புத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கேமரா,
கேமராவின் முகத்துக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடி.
கண்ணாடிக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் திரையில்
எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடும்.
பதினாறு வருடமாய் அப்படியே படித்துப் படித்து
நேர் எழுத்துதான் எனக்குக் கொஞ்சம் கோணல்.

என் வேலை
ஒரு சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டுவது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்:
"படிக்கிற மாதிரி தெரியக் கூடாது."
தெரியாது என்பேன்.
வரியை ஒடுக்குவேன், கண் மேயாதபடி, மூன்று சொல், நாலு சொல்.
எழுத்தைப் பெரிதாக்கிக் கேமராவைப் பின்னே தள்ளுவேன்.
'ஆகையினால்' என்றிருந்தால் 'அதனால' என்று மாற்றுவேன்.
மூச்சு வாங்க ஒரு வெற்று வரி.
நீங்கள் என்னைத் துரத்த வேண்டாம்,
நான் உங்கள் பின்னால் வருவேன்,
நின்றால் நிற்பேன் என்பேன்.
இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.
பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடுவார்கள்.
ஒரு வங்கி மேலாளர், ஓரத்தில் போட்டிருந்த 'சிரிக்கவும்' என்பதையும்
சிரிக்காமல் வாசித்துவிட்டுப் போனார்.

இன்று ஹில்லார் ரவுட்செப். இரும்பு அடுப்பு செய்கிறவர்.
சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு, நகக்கண்ணில் கரி.
ஒரு வகை அடுப்பில் கதவுக் கொக்கி நழுவுகிறதாம்,
விற்றதையெல்லாம் திரும்ப வாங்குகிறார்கள்.
கெர்லி எழுதி, வக்கீல் பார்த்துக் கொடுத்தது:
"ஒருசில வாடிக்கையாளர்களுக்கு
நேர்ந்திருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு..."
அந்தச் சொல் கீழிருந்து ஏறி வரும்போதே
அவர் கழுத்து விறைத்துக்கொள்ளும்.
ஏழு முறை எடுத்தோம்.
எட்டாவது முறை 'அசௌரியம்' என்றார்.
காப்பி குடிக்கலாம் என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்து, இரண்டு விரலைக் கோத்துக் காட்டினார்.
"இங்க பாரு, இது நாக்கு. இது பல்.
சூடு ஏறினா நாக்கு நீளும். ஆங்... அரை மில்லிமீட்டர்தான்.
அதைக் கணக்குல விட்டுட்டேன்.
மலிவா கிடைச்சுது.
நான்தான் எடுத்தேன்.
வில்யாண்டியில ஒரு பொண்ணோட கை."
கோத்த விரலைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தேன். அந்த 'ஆங்' உட்பட.
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஒன்பதாவது முறை.
கண்ணாடியில் அவருடைய வாயே ஓட ஆரம்பித்தது.
நாக்கு, பல், சூடு. கை தானாக எழுந்தது.
கெர்லி தன் தாளைப் புரட்டினாள், பக்கம் அகப்படவில்லை.
'நான்தான் எடுத்தேன்' வந்ததும் நின்றுவிட்டார்.
விரலை நிறுத்தினேன்.

லென்சின் கறுப்புக்கு நேர் மேலே
அந்த இரண்டு சொல், அசையாமல்.
கேமராவுக்கு அவை தெரியாது.
கேமராவுக்கு, தன்னையே பார்க்கும் ஒரு மனிதர்.

"இதை நான் சொன்னேனா?"
"சொன்னீங்க."
"வக்கீல்..." என்று கெர்லி ஆரம்பித்தாள்.

சொல்லிவிட்ட ஒன்றைப் படிப்பது
சொல்வதைவிடக் கடினம் போலும்.
படித்தார்.
நன்றாக இல்லை. முதல் வகுப்புப் பையன் மாதிரி எழுத்தெழுத்தாக.
எல்லாம் இயல்பாக வந்து
அந்த ஒரு வரியில் மட்டும் படிப்பது தெரிந்தது.
இன்னொரு முறை எடுக்கலாமா என்றேன்.
மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வேண்டாமென்றார்.

எதை வைப்பார்கள், எதை வெட்டுவார்கள்,
வக்கீல் திங்கட்கிழமைதான் வருவார்.

இரவு, முட்டைக்கோஸ் சூப்.
மிர்தெல் பள்ளிக்கூடத்தில் யாரோ யாரிடமோ
என்னவோ சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஓரிடத்தில் வேகமாக, ஓரிடத்தில் இழுத்து இழுத்து.
"அம்மா, மேசையில கட்டைவிரலை ஏன் உருட்டுறே?"

நிறுத்தினேன்.
அவளும் நிறுத்திவிட்டாள்.