கால்மாட்டுக் காற்று

பெட்டி குளிரவில்லை என்று போன் வந்தபோது
மணி ஒன்றேகால்.
ஓட்டேரியில் நாய்கள் தார் ரோட்டோடு
ஒட்டிக் கிடந்தன.
கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள்.

சந்துக்குள் ஷாமியானா, நீல நாற்காலிகள்.
இறந்தவர் முனிரத்தினம், டீ மாஸ்டர்,
முப்பத்தொரு வருஷம் பாய்லர் முன்னால் நின்றவர்.
கண்ணாடிக்குள் படுத்திருந்தார், நெற்றியில் ஒரு ரூபாய்.
முகம் தெளிவாகத் தெரிந்தது.
அதுதான் கெட்ட செய்தி.
பெட்டி குளிர்ந்தால்
கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்திருக்க வேண்டும்.

மருமகன் டில்லிபாபு கத்தினார்:
"நாலாயிரம் வாங்கினீங்களே, குளிர் எங்க?"

குளிர் எங்கேயும் இல்லை சார்
என்று நான் சொல்லவில்லை. சொல்லும் நேரமா அது.
குளிர் என்று ஒரு சரக்கை
யாரும் பெட்டிக்குள் ஊற்றுவதில்லை.
தகட்டுக்குப் பின்னால் செம்புக் குழாய் சுற்றிச் சுற்றிப் போகிறது,
எவாப்பரேட்டர் என்று பெயர்;
ரிச்சி தெருவில் கூலிங் காயில் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஈர்க்கு நுழையாத துளையில்
நெருக்கியடித்து வந்த திரவம்
அங்கே திடீரென்று விசாலம் கண்டு
கொதிக்கிறது.
ஆமாம், கொதிக்கிறது. மைனஸ் இருபதில்.
அடுப்பில்லை, தீயில்லை,
கொதிக்கச் சூடு மட்டும் வேண்டும்.
பக்கத்தில் இருப்பதிடம் வாங்கிக்கொள்கிறது:
தகட்டிடம். தகடு காற்றிடம்.
காற்று, முனிரத்தினத்திடம்.

ஊசிக்கு முன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட்
தோலில் சில்லென்று செய்துவிட்டுப் பறப்பதும் இதே கணக்குதான்.
நம் வியர்வைக்கும் அதே வேலை.
ஆனால் இந்த ஊரில் காற்றே ஈரத் துணி;
வியர்வை போக இடமில்லாமல்
சட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.
கேஸ் இருந்தும் ஓடாத காயில்
சென்னையில் ஒவ்வொரு உடம்பும்.

கம்ப்ரஸரில் கை வைத்தேன். தோசைக்கல்.
ஓடி ஓடி ட்ரிப் ஆகி நின்றிருந்தது.
திரும்பி வரும் குழாயும் வெதுவெதுப்பு.
லீக்கோ என்று சோப்பு நுரையைத் தேடும்போதுதான்
டார்ச் வெளிச்சம் கால்மாட்டில் விழுந்தது.
அங்கே ஒரு கிரில் உண்டு,
உள்ளே எடுத்த சூட்டை வெளியே கொட்டும் வாசல்.
அதன்மேல் மாலைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.
ஆட்டோ ஸ்டாண்டு மாலை, டீக்கடை மாலை,
ஆளுயரத்துக்கு வட்டச் செயலாளர் மாலை.
ரோஜாவும் சம்பங்கியும் உள்ளிழுக்கப்பட்டு
ஈரத்தோடு கம்பிகளில் அப்பியிருந்தன.

மரியாதை மூச்சை அடைத்திருந்தது.
போக வழியில்லாத சூடு
இருந்த இடத்தைவிட்டு எப்படிக் கிளம்பும்?

மாலைகளை நகர்த்தினேன்.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி
ஒரு பக்கெட் இதழ் அள்ளினேன்.
கம்ப்ரஸர் தலையில் ஈரச் சாக்கு.
இருபது நிமிஷம் யாரும் என்னோடு பேசவில்லை.
ஸ்விட்சைப் போட்டதும்
உறுமி, தயங்கி, ஓடியது.

முதலில் மூலையில் வேர்த்தது கண்ணாடி.
பிறகு நெஞ்சுக்கு மேல். பிறகு முகத்துக்கு மேல்.
தலைமாட்டில் இருந்த மகள் அமுலு
முந்தானையால் துடைத்தாள்,
மறுபடி மூடியது, மறுபடி துடைத்தாள்.
கை அலுத்து
எழுந்து கால்மாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்,
கிரில்லுக்கு நேராக.

"அனல் அடிக்குது, தள்ளி உக்காரும்மா."
"எங்கேருந்து வருது இது?"
மெஷின் சூடு என்று சொல்லியிருக்கலாம்,
கொஞ்சம் அதுவும்தான், மோட்டாரின் உழைப்பு.
"உள்ள இருந்து" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கத்திரி இரவில்,
கழுத்தில் வியர்வை ஓட,
இரண்டு உள்ளங்கைகளையும்
அந்தக் காற்றில் நீட்டி வைத்துக்கொண்டாள்.
யாரோ விசிறி கொடுத்தார்கள்,
மடியில் போட்டுக்கொண்டாள்.

டில்லிபாபு டீ வாங்கிவர ஆள் தேடினார்.
முனைக் கடை மூடியிருப்பது
அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.

விடிந்தால் இன்னும் மாலைகள் வரும்.
இதழ் ஒட்டினால் தட்டிவிடச் சொல்லி
பிரஷ்ஷை அமுலுவிடமே கொடுத்துவிட்டுக்
கிளம்பினேன்.